வகுப்பறையில் ஆய்வு நடக்கிறதா?

புதிய நெல் விதை ஒன்று கைக்கு வந்தால் அனுபவமுள்ள உழவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லா வயலிலும் அதையே நட்டுவிடுவதில்லை. ஒரு மூலையில் மட்டும் நட்டுப் பார்க்கிறார். மற்ற இடங்களில் வழக்கமான நெல்லே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே எரு. அறுவடையின்போது இரண்டையும் ஒப்பிடுகிறார். புதியது நன்கு விளைந்திருந்தால் அடுத்த போகத்தில் அதற்குக் கூடுதல் இடம் தருகிறார். விளையவில்லை என்றால் விட்டுவிடுகிறார். இதற்காக அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெறவில்லை. ஆயினும் அவர் செய்தது ஆராய்ச்சியே.

ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் இவ்வாறு செய்ய முடியுமா? முடியும், செய்யவும் வேண்டும் என்று கூறும் முறைக்குச் 'செயல் ஆராய்ச்சி' என்று பெயர். ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு இச்சொல் பழக்கமானது. பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. தேர்வில் கேள்வியாகவும் வருகிறது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றின் கடமைகளில் ஒன்றாகச் செயல் ஆராய்ச்சியும் சேர்க்கப்பட்டது. ஆகவே இது நமக்குப் புதிய சரக்கன்று. ஆனால் இந்த முறையால் பள்ளிகள் உண்மையிலேயே மேம்படுகின்றனவா? அல்லது அலமாரியில் அடுக்கப்படும் அறிக்கைகளின் எண்ணிக்கை மட்டும் மேம்படுகிறதா? இக்கேள்விக்கு விடை காண, இம்முறை பிறந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

சொல்லிக் கொடுப்பதும் சேர்ந்து முடிவெடுப்பதும்

செயல் ஆராய்ச்சி என்ற கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞர். இவர் 1890இல் அன்றைய பிரஷ்யாவைச் சேர்ந்த மொகில்னோவில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. யூதரான அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அமெரிக்காவில் குடியேறினார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் நடத்திய சோதனை ஒன்று புகழ்பெற்றது. உணவு நெருக்கடியின் காரணமாக, மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்று வழக்கமாக ஒதுக்கப்படும் உறுப்புகளையும் மக்கள் சமைத்து உண்ண வேண்டும் என்று கருதப்பட்டது. செஞ்சிலுவைத் தொண்டர்களான பெண்கள் ஆறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பாதிக் குழுக்களுக்கு, இவ்வுணவின் சத்துகளையும் சிக்கனத்தையும் விளக்கும் விரிவுரை அளிக்கப்பட்டது. மற்றப் பாதியில் பெண்கள் தங்களுக்குள் விவாதித்தனர். தயக்கங்களை வெளிப்படையாகப் பேசினர். முடிவில், சமைத்துப் பார்க்க விரும்புவோர் கைகளை உயர்த்தினர். பின்னர் விசாரித்தபோது, விரிவுரை கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரே இதற்குமுன் சமைத்திராத உறுப்பு ஒன்றைச் சமைத்திருந்தனர். கலந்து பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர் சமைத்திருந்தனர்.

1946இல் எழுதிய ஒரு கட்டுரையில் லெவின் செயல் ஆராய்ச்சியை ஒரு சுழற்சியாக விவரித்தார். திட்டமிடு, செயல்படு, விளைவைக் கண்டறி, அதைக் கொண்டு மீண்டும் திட்டமிடு என்பதே அச்சுழற்சி. படிப்படியாக மேலேறும் சுருள் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மறுவருடம் 1947இல் அவர் காலமானார்.

உணவுச் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். எதைச் சமைக்க வேண்டும் என்பதை அப்பெண்களா தீர்மானித்தார்கள்? இல்லை. அது ஏற்கெனவே மேலிடத்தில் தீர்மானிக்கப்பட்டிருந்தது. சமைக்கலாமா கூடாதா என்பது மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. செயல் ஆராய்ச்சி பிறக்கும்போதே இந்த இரட்டைத் தன்மை அதனோடு பிறந்துவிட்டது எனலாம். அது மக்களின் அறிவுக்கு மதிப்பளிக்கும் கருவியாகலாம். மேலிடத்து விருப்பத்தை இனிமையாக ஏற்கச் செய்யும் கருவியுமாகலாம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

கோரியின் நூல்

பள்ளிகளுக்கு இம்முறையைக் கொண்டுவந்த நூல்களில் முக்கியமானது, ஸ்டீஃபன் கோரி 1953இல் வெளியிட்ட 'பள்ளி நடைமுறைகளை மேம்படுத்தச் செயல் ஆராய்ச்சி' என்ற பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நூல். அவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.

கோரியின் வாதம் எளிமையானது. கல்வி பற்றிய ஆராய்ச்சிகள் நூலகங்களில் குவிகின்றன. வகுப்பறையோ மாறாமல் இருக்கிறது. காரணம் என்ன? கண்டுபிடிப்பவர் ஒருவர், மாற வேண்டியவர் மற்றொருவர். ஆசிரியர் தாமே ஐயுற்று, தாமே சோதித்து, தாமே சான்று கண்டால்தான் அவருடைய நடைமுறை மாறும். இதற்கும் அன்றாடம் நாம் சிக்கல்களைத் தீர்ப்பதற்கும் வேறுபாடு, சான்றுகளைச் சேர்ப்பதில் காட்டும் கவனத்தின் அளவில்தான் உள்ளது என்றும் அவர் கருதினார்.

இன்னொரு கருத்தும் அவரிடம் உண்டு. வழக்கமான ஆராய்ச்சி பக்கவாட்டில் விரியும். சில பள்ளிகளில் கண்டதை, அவற்றைப் போன்ற எல்லாப் பள்ளிகளுக்கும் பொருத்திச் சொல்லும். செயல் ஆராய்ச்சியோ காலத்தின் வழியே நீளும். இவ்வாண்டு இந்த வகுப்பில் கண்டது, அடுத்த ஆண்டு இதே பள்ளியில் இதே வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்குப் பயன்படும். நம் உழவரும் இதைத்தான் செய்கிறார். ஊரிலுள்ள எல்லா வயல்களுக்கும் அவர் விதி வகுக்கவில்லை. தம் வயலின் அடுத்த போகத்துக்கு வழி காண்கிறார்.

இந்தக் கருத்து இன்றும் நிறம் மங்கவில்லை. ஆனால் நூலின் குறையையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அறிஞர்களின் மதிப்பைப் பெற வேண்டும் என்ற அக்கறை கோரியிடம் இருந்தது. அதனால் கருதுகோள், அளவீடு, பொதுமுடிவு என்ற அவர்களுடைய கட்டமைப்பையே ஆசிரியரின் தோளிலும் ஏற்றினார். நாள் முழுதும் பாடம் நடத்தி, மாலையில் நோட்டுத் திருத்தும் ஒருவரால் அச்சுமையைத் தாங்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

எதிர்ப்பு எழ அதிக காலம் ஆகவில்லை. 1957இல் ஹரால்டு ஹாட்ஜ்கின்சன் இம்முறையைக் கடுமையாக விமரிசித்தார். ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சிப் பயிற்சி இல்லை. இது கற்பிக்கும் நேரத்தைத் தின்னும். கிடைக்கும் முடிவுகள் பொது அறிவாகத் திரளா என்பன அவர் எழுப்பிய தடைகள்.

இவற்றில் எது நியாயம்? பட்டமில்லாதவர் ஆராயக் கூடாது என்பது, உழவர் விதையைச் சோதிக்கக் கூடாது என்பது போன்றது, அதைத் தள்ளிவிடலாம். நேரமில்லை என்பது உண்மை. அது ஆசிரியரின் குற்றமன்று, பள்ளியை நடத்துவோரின் பொறுப்பு. ஆனால் சான்றுகளைக் கையாளத் தெரியாவிட்டால் ஆசிரியர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார் என்ற அச்சம் இருக்கிறதே, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஏழு நாணயங்கள் சொல்லும் பாடம்

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். 8ஆம் வகுப்பில் 40 மாணவர்கள். ல, ள, ழ எழுத்துகளில் பலர் பிழை செய்கின்றனர். ஆசிரியர் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்து, மிகக் குறைவாக வாங்கிய 7 பேரைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்களுக்கு மின்னட்டைகளைக் கொண்டு 15 நாள் பயிற்சி அளித்து, மறுபடியும் தேர்வு வைக்கிறார். முன்தேர்வில் சராசரி 6, பின்தேர்வில் 10. முடிவுரையில் 'எனவே மின்னட்டைப் பயிற்சி பயனளித்தது' என்று எழுதப்படுகிறது. இத்தகைய அறிக்கையை ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் பலர் எழுதியிருப்பீர்கள்.

இம்முடிவு சரியா? இதே சோதனையை நாணயங்களைக் கொண்டு நீங்களே செய்து பாருங்கள். வகுப்பிலுள்ள 40 பேரும் ஆளுக்கு 10 முறை நாணயத்தைச் சுண்டட்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை தலை விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர்க்கு 4, 5, 6 என்று விழும். ஏறத்தாழ 7 பேருக்கு மட்டும் 3 அல்லது அதற்கும் குறைவாக விழுந்திருக்கும். இவர்களைத் 'தலை விழுவதில் பின்தங்கியவர்கள்' என்று தனியே அழைத்து, நாணயம் சுண்டுவது எப்படி என்று அரை மணி நேரம் அறிவுரை கூறுங்கள். பிறகு மீண்டும் 10 முறை சுண்டச் செய்யுங்கள். முதல் சுற்றில் 3க்கும் குறைவாக இருந்த அவர்களுடைய சராசரி, 5ஐ நெருங்கிவிடும். எழுவரில் ஐந்தாறு பேராவது 'முன்னேறி' இருப்பார்கள். உங்கள் அறிவுரை பயனளித்ததா? நாணயத்துக்கு அறிவுரை ஏது!

நடந்தது இதுதான். தற்செயலாக மிகக் குறைந்த அளவு பெற்றவர்களையே பொறுக்கி எடுத்தோம். அடுத்த முறை அத்தற்செயல் அவர்களைத் தொடரவில்லை. ஆகவே அவர்கள் சராசரியை நோக்கித் திரும்பினார்கள். பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை அளந்து இப்போக்கை 1886இல் விளக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிவியலார். தேர்வு மதிப்பெண் முழுக்கத் தற்செயல் அன்று. அதில் உண்மையான அறிவும் உண்டு. ஆனால் அன்றைய காய்ச்சல், வீட்டில் நடந்த சண்டை, தெரிந்த கேள்வி வராமல் போனது என்று தற்செயலின் பங்கும் உண்டு. மிகக் குறைவாக வாங்கியவர்களில் சிலர், அன்று மட்டும் அவ்வாறு வாங்கியவர்கள். மின்னட்டை இல்லாமலே அவர்கள் மதிப்பெண் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு, இரண்டு தேர்விலும் அதே சொற்களைக் கேட்டிருந்தால், பழக்கத்தாலும் சில மதிப்பெண் கூடும்.

இதற்கு மாற்று என்ன? உழவரின் மூலைதான். பின்தங்கிய மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரு பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு இம்மாதம் பயிற்சி, மறு பாதிக்கு அடுத்த மாதம். யாருக்கும் பயிற்சி மறுக்கப்படுவதில்லை. இம்மாத இறுதியில் வேறு சொற்களைக் கொண்டு இருவருக்கும் தேர்வு வைத்து ஒப்பிடுங்கள். பயிற்சி பெறாதவர்களும் அதே அளவு ஏறியிருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் மின்னட்டை அன்று. மூவரையும் நால்வரையும் ஒப்பிட்டு உறுதியாக எதுவும் சொல்ல முடியாதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தொடர்ந்து செய்து பார்க்க வேண்டும். காலத்தின் வழியே நீளும் ஆராய்ச்சி என்று கோரி சொன்னது இங்கே பொருள் பெறுகிறது. 15 நாளில் தொடங்கி முடிந்துவிடும் ஆய்வுக்கு இந்த நீட்சி இல்லை.

ஒலிப்பதிவில் கேட்ட குரல்

எண்களை ஒழுங்காகக் கையாண்டுவிட்டால் போதுமா? போதாது. இங்கிலாந்தில் நடந்த ஒரு முயற்சி இதைத் தெளிவாக்குகிறது.

லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் என்ற கல்வியறிஞர், ஆசிரியரே ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1975இல் வெளிவந்த அவருடைய பாடத்திட்ட ஆராய்ச்சி பற்றிய நூல் பலரையும் ஈர்த்தது. அவரோடு பணிபுரிந்த ஜான் எலியட்டும், கிளெம் அடெல்மனும் 1973 முதல் 1975 வரை ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு, கிழக்கு ஆங்கிலியாப் பகுதியில் சுமார் 40 ஆசிரியர்களுடன் ஒரு திட்டத்தை நடத்தினர். மாணவர்கள் தாமே சிந்தித்துக் கண்டறியும் முறையில் பாடம் நடத்த விரும்பிய ஆசிரியர்கள் இவர்கள்.

நில அளவையில் ஓரிடத்தைக் குறிக்க வெவ்வேறு முனைகளிலிருந்து பார்ப்பது வழக்கம். 1802இல் சென்னையில் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்தியாவை அளந்த முக்கோண முறை அதுவே. இத்திட்டத்திலும் ஒரே பாடவேளை மூன்று முனைகளிலிருந்து பார்க்கப்பட்டது. ஆசிரியர் தாம் என்ன செய்ததாகக் கருதினார்? மாணவர்கள் என்ன நடந்ததாகக் கருதினார்கள்? வெளியிலிருந்து வந்தவர் என்ன கண்டார்? பாடம் ஒலிநாடாவில் பதிவாயிற்று.

வெளிப்பட்ட செய்தி ஆசிரியர்களுக்கு இனிப்பானதன்று. ஒரு கருத்தைப் பேசி முடித்ததும் 'எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று ஆசிரியர் கேட்கிறார். மாற்றுக் கருத்துக்கு இடம் தருவதாக அவர் எண்ணம். மாணவர் காதிலோ அது 'ஒப்புக்கொள்ளுங்கள்' என்றே விழுகிறது. ஒரு மாணவன் சொன்னதற்கு 'நல்லது', 'சரி' என்று ஆசிரியர் ஊக்கமூட்டுகிறார். மற்றவர்களோ விடை கிடைத்துவிட்டது என்று எண்ணி, வேறு கருத்து இருந்தாலும் வாய் மூடிக்கொள்கிறார்கள். சுதந்திரமாகப் பேசச் சொன்ன ஆசிரியரே, தம்மை அறியாமல் பேச்சை அடைத்துக்கொண்டிருந்தார்!

இத்திட்டத்திலும் குறை உண்டு. வெளியிலிருந்து வருபவரும், அவர் மாணவரோடு தனித்துப் பேச நேரமும் எல்லாப் பள்ளிக்கும் எளிதில் கிடைப்பவையல்ல. ஆனால் 15 நாள் அறிக்கைகளில் காண முடியாத ஒன்று இதில் இருக்கிறது. இங்கே ஆய்வுக்குட்பட்டவர் மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் ஆய்வுக்குட்பட்டார். தாம் தவறாக இருக்கலாம் என்ற வாசலை அவர் திறந்து வைத்தார்.

பிழை யாருடையது?

இப்போது நம் ல, ள, ழ வகுப்புக்குத் திரும்புவோம். அந்த அறிக்கையின் பெரிய குறை எண்களில்கூட இல்லை, கேள்வியில் இருக்கிறது. பிழை மாணவரிடம் உள்ளது, மருந்து மின்னட்டை என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. மாணவன் ஏன் பிழை செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் பல பகுதிகளின் பேச்சில் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிறது. சென்னைப் பக்கம் சிலர் வாயில் 'வாயப்பயம்' ஆகிறது. வீட்டில் இரண்டு ஒலிகளையும் ஒன்றாகவே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, எழுதும்போது மட்டும் வேறுபாடு எங்கிருந்து வரும்? அது சோம்பலும் அன்று, மந்தபுத்தியும் அன்று. தான் கேட்டதை நேர்மையாக எழுதுகிறது அக்குழந்தை.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. சொல்வதை எழுதும் பயிற்சியில் சொற்களைப் படிப்பவர் யார்? ஆசிரியர். அவரும் அதே ஊரில், அதே பேச்சில் வளர்ந்தவராக இருக்கலாம். தாம் ழகரத்தைச் சரியாகத்தான் ஒலிக்கிறோம் என்று அவர் நம்பலாம். 1973இல் ஒலிநாடாக் கருவியைத் தூக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. இன்று பலர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. 'வாழை, வாளை, விழி, விளி, கழி, களி' என்று பத்து இணைச் சொற்களைக் கலைத்துப் போட்டு வழக்கமான வேகத்தில் படித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதை உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரிடம் தந்து, தாளைப் பார்க்காமல் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவரும் உங்கள் மாணவர்கள் செய்த பிழைகளையே செய்தால், சிக்கலின் ஒரு பகுதி எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

இச்சோதனைக்குப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை. கால் மணி நேரம் போதும். ஆனால் 15 நாள் மின்னட்டைப் பயிற்சியைவிட இதற்குத் துணிவு அதிகம் வேண்டும். 'என் உச்சரிப்பே காரணமாக இருக்கலாம்' என்று எழுதப்படும் ஓர் அறிக்கை, 'பயிற்சி பயனளித்தது' என்று முடியும் பல அறிக்கைகளைவிட அந்தக் குழந்தைகளுக்கு நன்மை செய்யும்.

யாருடைய கேள்வி?

அத்தகைய அறிக்கைகள் ஏன் அரிதாக இருக்கின்றன? ஆசிரியர்களுக்குத் துணிவில்லை என்று சொல்லிவிடுவது எளிது, நியாயமன்று. லெவினின் சோதனையைப் பற்றி முன்னர்க் கூறியதை நினைவுகூருங்கள். தலைப்பு மேலிருந்து வரும்போது, முடிக்க வேண்டிய தேதியும் உடன் வரும்போது, அறிக்கை பதவி உயர்வுக்கோ மதிப்பெண்ணுக்கோ கணக்கில் சேரும்போது, தோல்வியை எழுதுபவர் யார்? 'பயன் இல்லை' என்ற முடிவைத் திறமைக் குறைவாக எண்ணும் இடத்தில் எல்லா ஆய்வும் வெற்றி பெறும். எல்லா ஆய்வும் வெற்றி பெறும் இடத்தில் ஆராய்ச்சி நடக்கவில்லை என்று பொருள்.

இம்முறையின் எல்லையையும் நாம் மறக்கக் கூடாது. காலை உணவில்லாமல் வரும் குழந்தை பாடத்தைக் கவனிக்கவில்லை என்றால், அதற்கு மருந்து கற்பிக்கும் உத்தியில் இல்லை. ஐந்து வகுப்புகளை ஒருவரே பார்க்கும் பள்ளியின் சிக்கல், அவர் எழுதும் ஆய்வால் தீராது. சமூகமும் அரசும் செய்ய வேண்டியதை ஆசிரியரின் செயல் ஆராய்ச்சித் தலைப்பாக மாற்றிவிடுவது, பொறுப்பைக் கைமாற்றும் தந்திரமாகிவிடும். ஆனால் அந்த ஆசிரியர் நேர்மையாகத் தேடி, 'காரணம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது' என்று சான்றோடு எழுதினால், அதுவும் சிறந்த செயல் ஆராய்ச்சியே. அதைப் படிக்க வேண்டியவர்கள் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் ஆசிரியராக இருந்தாலும், நாளை ஆசிரியராகப் போகிறவராக இருந்தாலும், ஒரு செயல் ஆராய்ச்சி அறிக்கை கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி அந்த ஆசிரியரின் சொந்தக் கேள்விதானா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலை விடப்பட்டதா? தாம் எண்ணியது தவறு என்று அவர் அறிந்துகொள்ள வழி இருந்ததா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், அறிக்கை இரண்டே பக்கம் இருந்தாலும், அதில் அட்டவணை ஒன்றுகூட இல்லாவிட்டாலும், பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வகுப்பை எடுக்க வரும் ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.